சுற்றமும் நட்பும் சூழ

4 ஜூன்

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் அத்தானுக்கு இடது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முன்னாடியே மழையைச் சொல்லிவிடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளை சுகமா? வயிற்றுவலிக்கு மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறாரா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆலைத் தொழிலாளர் மன்றத்தில் நூலகம் என்று இருப்பது ஒரே ஓர் அறை. அதற்கு இப்போது ஆபத்து. மன்றத்தில் ஒரு மேசைப்பந்து மேசை வாங்கிவிட்டார்கள். வாங்கி இறக்கின பிறகுதான் அதைப் போட இடமில்லை என்று தெரிந்திருக்கிறது. செயலாளர் வந்து என் அறையைக் காலடியால் அளந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், என்னைச் சுற்றிக்கொண்டு போய் அளக்கிறார். "ஒரு நாளைக்கு எத்தனை பேரும்மா இங்க வர்றாங்க?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "நாலு பேர்" என்றேன். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். அக்டோபருக்குள் நான் ஒரு விழா நடத்த வேண்டும். முப்பது பேர் வந்தால் அறை எனக்கு. வராவிட்டால் பந்துக்கு.

போன வருஷம் பலூன் எல்லாம் கட்டி விழா நடத்தினேனே, பதினொரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் கேண்டீன் கமிட்டிக் கூட்டம் என்று நினைத்து வந்தவர்கள். இந்த முறை பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். சிரிப்புப் புத்தகம் எல்லாம் புதுசு மாதிரியே இருக்கிறது. அழவைக்கிற கதைக்கும் ஆவிக் கதைக்கும்தான் அட்டை பிய்ந்திருக்கிறது. அதனால் இந்த வருஷம் "இருண்ட மாலை" என்று ஒன்று வைக்கப்போகிறேன். சோகக் கதைகளுக்கு மட்டும். சுவருக்குக் கருப்புக் காகிதம், மங்கலான விளக்கு, பால் விடாத தேநீர்.

அழைப்பிதழ் எழுதிப் பார்த்தேன். "அன்புடையீர், எங்கள் மன்ற நூலகத்தில் நடைபெறவிருக்கும் இருண்ட மாலை விழாவுக்குத் தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம்." எங்கேயோ உதைக்கிறது. பத்து வருஷமாகப் பத்திரிகையில் மரண அறிவித்தல் எழுதுகிறவள் நீ. இருட்டைப் பற்றி உனக்குத் தெரியாததா? திருத்தி அனுப்பு.

உன் அக்கா

19 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாம் சுகம். அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைக்கச் சொல். மழைக்கு அப்புறம் இல்லை, முழங்கால் சொல்லும்போதே.

உன் அழைப்பிதழைப் படித்தேன். சுற்றமும் நட்பும் சூழ வந்தால் அது கல்யாணம். "சிறப்பிக்குமாறு" என்றால் யாரோ மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்காரப்போகிறார் என்று அர்த்தம். சோகக் கதை படிக்க வருகிறவன் எதையும் சிறப்பிக்க வரவில்லை. அந்த வரி முழுவதையும் அடித்துவிடு. "விழா" என்ற சொல்லையும் எடு.

இருட்டைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நீ நினைப்பது சரியில்லை. எங்கள் பிரிவில் ஆறு டியூப்லைட். எட்டு வரிக்குள் ஓர் ஆளை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. ஆனால் எதை விட வேண்டும் என்று தெரியும். யோசித்து எழுதி அனுப்புகிறேன்.

சின்னு

27 ஜூன்

அன்புள்ள சின்னுவுக்கு,

இங்கே நலம். வெந்நீர்ப் பை வைத்தோம். பை ஒழுகி மெத்தை நனைந்தது. முழங்கால் பரவாயில்லை.

நீ சொன்னபடி அடித்துவிட்டேன். "குடும்பத்துடன் வருக" என்று மாற்றியிருக்கிறேன். சின்னதாக, அடக்கமாக இருக்கிறது. எனக்கு முப்பது பேர் வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள். ஒருத்தன் பெண்டாட்டியையும் ஒரு மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தால் அங்கேயே மூணு ஆச்சு. பத்து வீட்டுக்குப் போட்டால் போதும், கணக்கு தீர்ந்தது.

எல்லாம் சுகம் என்று மொத்தமாக எழுதியிருந்தாய். மாப்பிள்ளையைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுதினால் கை வலிக்குமா? உன் அத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். என்ன இருந்தாலும் அவரோடு ஆலையில் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்த மனிதர். விழாவுக்கு (மன்னிக்கவும், மாலைக்கு) நீங்கள் இரண்டு பேரும் வந்துவிடுங்கள். அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை. முன்னறையை உங்களுக்கு ஒழித்து வைக்கிறேன்.

உன் அக்கா

2 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் இருவரும் சுகம்தானே?

இனிமேல் கடிதங்களை அலுவலக முகவரிக்கே அனுப்பு. வீட்டுக்கு வருவது சரியாகக் கைக்கு வருவதில்லை.

கீழே இருப்பதுதான் நான் எழுதியது.

"இந்த மாலை உங்களைச் சிரிக்கவைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.
விளக்குகள் குறைவாக இருக்கும். நாற்காலிகள் தள்ளித்தள்ளிப் போடப்பட்டிருக்கும்.
எப்போதோ உங்களை அழவைத்த ஒரு பக்கத்தைக் கொண்டு வாருங்கள்.
கருப்பு உடுத்தி வாருங்கள்.
தனியாக வாருங்கள்."

கருப்பா, கறுப்பா என்று அச்சகத்தில் கேட்பார்கள். இரண்டும் நடக்கும். கண்ணுக்கு எது இருட்டாகத் தெரிகிறதோ அதைப் போடச் சொல்.

"குடும்பத்துடன்" வேண்டாம் அக்கா. குடும்பத்துடன் வருகிறவன் அழமாட்டான். பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பான்.

போன வாரம் ஒரு அம்மா கணவருக்கு அறிவித்தல் கொடுக்க வந்தார். வழக்கம்போல "அன்புக் கணவர்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். "அன்பு வேண்டாம்மா, கணவர் போதும்" என்றார். கோபம் எதுவும் இல்லை. கடையில் சர்க்கரை குறைத்துப் போடச் சொல்கிற மாதிரி சொன்னார். ஒரு சொல்லை எடுத்துவிட்டேன். ரசீதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

சின்னு

10 ஆகஸ்ட்

அன்புள்ள சின்னுவுக்கு,

சுகம். உன் சுகமும் அதுவே என்று நினைத்துக்கொள்கிறேன். அலுவலக முகவரிக்கே எழுதுகிறேன். தபால்காரரோடு சண்டை போட்டாயா என்ன?

நீ எழுதியதைக் கமிட்டியில் வாசித்தேன். செயலாளர், "யாரும்மா செத்துட்டாங்க?" என்றார். "யாரும் சாகல, அழைப்பிதழ்" என்றேன். "இதைப் படிச்சுட்டு ஒருத்தன் வருவானா?" என்று சுற்றிக் கேட்டார். மூலையில் தறிப்பிரிவு மேஸ்திரி, வாயே திறக்காத மனுஷன், "நான் வருவேன்" என்றார். அவ்வளவுதான், நிறைவேறிவிட்டது.

ஆனால் அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. தனியாக வா என்று யாராவது கூப்பிடுவார்களா? மற்றதெல்லாம் அப்படியே அச்சுக்குக் கொடுத்து, முதல் மெய்ப்பு எடுத்தாயிற்று. அந்த வரியைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. மெய்ப்பில் ஒரு பிரதியை மாப்பிள்ளைக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன், வீட்டு முகவரிக்கு. ஆலையில் தரப் பரிசோதனையில் இருந்தபோது முப்பது கெஜத்தில் ஒரு நூல் அறுந்திருந்தால் சொல்லிவிடுவார். பிழை பார்க்க அவரை விட்டால் யார்? ஓரத்தில் "சின்னுவையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வர வேண்டும்" என்றும் கைப்பட எழுதியிருக்கிறேன். உன்னை நம்பினால் ஆகாது.

அத்தான் விளக்குக்குப் பழுப்புக் காகிதத்தில் கூடு செய்கிறார். முதல் கூடு எரிந்துவிட்டது. இரண்டாவது நிற்கிறது.

உன் அக்கா

23 ஆகஸ்ட்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலமும் அண்ணனின் நலமும் அறிய விழைகிறேன். நான் நலம்.

தாங்கள் அனுப்பிய அழைப்பிதழின் மெய்ப்பு கிடைத்தது. தங்கள் சகோதரி கடந்த மார்ச் மாதம் முதல் இந்த வீட்டில் இல்லை. இதை அவர் தங்களுக்கு எழுதியிருப்பார் என்றே எண்ணியிருந்தேன். போவது என்பது அவருடைய முடிவு. காரணங்களை நான் எழுதுவது முறையாகாது.

அவருடைய கம்பளிச் சால்வை ஒன்று இங்கே அலமாரியில் இருக்கிறது. குளிர் தொடங்குமுன் அவரிடம் சேர்வது நல்லது. அவர் இப்போது தங்கியிருக்கும் முகவரி என்னிடம் இல்லை; அலுவலகத்துக்கு அனுப்புவது பொருத்தமாகாது. எனவே தங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

மெய்ப்பில் நான்காம் வரியில் "கருப்பு" என்று அச்சாகியிருக்கிறது. "கறுப்பு" என்பதே சரி. "தள்ளித்தள்ளி" என்பது பேச்சு வழக்கு. "இடைவெளி விட்டு" என்று இருக்கலாம். மற்றபடி பிழை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் சகோதரியின் கணவர்

20 செப்டம்பர்

அன்புள்ள சின்னுவுக்கு,

இங்கே சுகம். நீ சுகமா?

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். நீ எழுதியதில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. கருப்பு கருப்பாகவே இருக்கிறது. தள்ளித்தள்ளி என்பதும் இருக்கிறது. தனியாக வாருங்கள் என்பதும் இருக்கிறது. கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்.

"வந்தவர்களிடம் வராதவர்களைப் பற்றிக் கேட்கப்படமாட்டாது."

முன்னறையில் ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். ஜன்னலுக்குப் புது மெஷ் அடித்தாயிற்று, கொசு வராது. நல்லபடியாகச் சாப்பிடு.

உன் அக்கா

29 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள். உன் கடிதம் இந்தத் தடவை ரொம்பச் சின்னதாக இருந்தது. உனக்கு ஒன்றும் இல்லையே?

கடைசி வரி நன்றாக இருக்கிறது. நான் எழுதியிருந்தால் "கேட்கப்படமாட்டாது" என்பதற்குப் பதில் "கேட்கமாட்டோம்" என்று போட்டிருப்பேன். ஆனால் வேண்டாம், இருக்கட்டும். அழைப்பிதழை எங்கள் பிரிவில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். விளம்பரப் பிரிவு ஆள் வந்து படித்துவிட்டு, "இது எங்க, நானும் போகலாமா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். ஞாயிறு மாலை திரும்ப வேண்டும். ஸ்டேஷனுக்கு அத்தான் வர வேண்டாம், முழங்காலோடு அலைய வேண்டாம். நான் வந்துகொள்வேன்.

சின்னு

26 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? அத்தான் எப்படி இருக்கிறார்? நாற்காலி தூக்கினதில் இடுப்பும் பிடித்துக்கொண்டதாமே.

இன்னும் அந்த அறை கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நாற்பத்தேழு பேர்! நான் வாசலில் நின்று எண்ணினேன். ஒருவர்கூட ஜோடியாக வரவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகப் புறப்பட்டவர்கள்கூடத் தெருமுனையிலேயே பிரிந்து, பத்தடி தள்ளி நடந்து வந்தார்கள். ஒருவர் கருப்புச் சட்டை இல்லையென்று மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வேர்த்துக்கொண்டிருந்தார். தேநீருக்குப் பால் கேட்ட அந்த ஆளைப் பின்வரிசைப் பெண் முறைத்த முறைப்பில் கப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மேஸ்திரி படித்ததை மறக்கவே மாட்டேன். கதையின் பக்கம் என்று நினைத்தேன். ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாள், மகள் மூன்றாம் வகுப்பில் எழுதிய "என் அப்பா" கட்டுரை. "அப்பா இரவு ஷிப்டு. நான் தூங்கும்போது வருவார். அதனால் எனக்கு அப்பாவின் கை மட்டும் தெரியும்." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மகள் எங்கே, என்ன ஆனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அழைப்பிதழில் போட்டிருந்ததே. செயலாளர் எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து வராந்தாவில் கிடந்த மேசைப்பந்து மேசையைத் தேநீர் வைப்பதற்காகத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். அப்போதே உன் அறை உனக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் பக்கம் எதுவும் கொண்டுவரவில்லை அக்கா. உன்னிடம் பையில் இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

இன்னொன்று. எல்லோரும் போன பிறகு நான் திரைக்குப் பின்னால் கப் கழுவிக்கொண்டிருந்தேன். செயலாளர் உன்னிடம், "தங்கச்சி மட்டும் வந்திருக்கு, மாப்பிள்ளை வரலையா?" என்றார். நீ, "நான்தான் அவரைக் கூப்பிடல" என்றாய். "ஏம்மா?" என்றார். "எனக்கு இஷ்டமில்ல" என்றாய். எனக்குக் குழாயை மூடத் தோன்றவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ரயிலில் பையைத் திறந்தால் என் சால்வை இருந்தது. மார்ச்சில் நான் அலமாரியில் விட்டுவிட்டு வந்தது. மடித்து, பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தாய்.

உனக்கு எப்போது தெரியும்?

சின்னு

3 நவம்பர்

அன்புள்ள சின்னுவுக்கு,

இருமல் விட்டது. அத்தான் எழுந்து நடமாடுகிறார்.

ஆகஸ்டிலேயே தெரியும். நான் அனுப்பின மெய்ப்புக்கு அவர் பதில் எழுதினார். நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மிச்சக் கடிதத்தில் நீ எழுதினதில் பிழை திருத்தியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? நாலு வாரம் உனக்கு எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று முதலில் கோபம். பிறகு, யோசிக்க யோசிக்க, நீ எப்படிச் சொல்வாய் என்று ஆகிவிட்டது. அவரைக் கொண்டுவந்து காட்டினதே நான்தான். நல்ல வேலை, கெட்ட பழக்கம் இல்லை, அதிர்ந்து பேசமாட்டார் என்று ஆறு மாதம் உன் காதில் ஓதினதும் நான்தான்.

உனக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. எட்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அத்தானிடம்கூட.

அவரை முதல் தடவை சாப்பிடக் கூப்பிட்ட அன்றைக்கு, நீ உன் அலுவலகக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரு ஆளின் இறந்த தேதியும் பிறந்த தேதியும் மாறி அச்சானது. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். அவர் உன்னை நிறுத்தி ஒரு சொல்லைத் திருத்தினார். நீ சிரித்துக்கொண்டே திருத்திச் சொன்னாய். மறுபடி நிறுத்தினார். மூணாவது தடவையும். அதற்கப்புறம் நீ கதையை முடிக்கவே இல்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாய். அவரும் சாப்பிட்டார், அவருக்கு ஒன்றும் நடந்த மாதிரியே இல்லை. நான் சமையலறைக் கதவோரம் தண்ணீர் ஜக்கோடு நின்று அத்தனையும் பார்த்தேன். எனக்கு உள்ளே ஏதோ இடித்தது. ராத்திரி உன்னிடம் சொல்லியிருக்கணும். சொல்லவில்லை. உனக்கு முப்பத்தொரு வயசு, நல்ல இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம். "அவரைப் பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். சால்வையை அவராகத்தான் அனுப்பினார். அதனால் என் மனசு ஆறவில்லை.

நீ என்னைத் திட்டி எழுதினாலும் சரி. எழுது.

அக்கா

30 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

திட்டுவதற்கு நான்கு வாரம் யோசித்தேன். வரவில்லை.

நீ ஜக்கோடு நின்றதை அன்றைக்கே நான் பார்த்தேன். நீ பார்த்துவிட்டாய் என்பதும் தெரியும். நீ ஏதாவது சொல்வாய் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் ஒருவேளை வேண்டாம் என்றிருப்பேன். உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் சரி என்று சொன்னது நான். அதை உன் தலையில் போட்டுக்கொள்ளாதே, எனக்கென்று ஒன்று வேண்டாமா?

நடந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை, கத்தவில்லை. பேசத் தொடங்கும் முன்னாலேயே மனசுக்குள் திருத்திக்கொள்ளப் பழகிவிட்டேன். பிறகு பேசுவதற்கே எதுவும் இல்லாமல் போனது. பிப்ரவரி முழுக்க நான் வீட்டில் பேசிய வார்த்தைகளை எண்ணினால் ஒரு அறிவித்தலுக்குக்கூடத் தேறாது. மார்ச்சில் ஒரு காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் பெயருக்கு வந்த உன் கடிதங்களைத் தபால்காரர்தான் அலுவலகத்துக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். இப்போது இருப்பது ஒரே ஓர் அறை. மாடியில், கிழக்குப் பார்த்தது. முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கே எழுது.

உன் கதவோரக் கடிதத்தைப் படித்த ஞாயிற்றுக்கிழமை, சமைக்கப் பிடிக்காமல் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். இதுவரை தனியாகப் போனதில்லை. "எத்தனை பேரும்மா?" என்றார் பரிமாறுகிறவர். "ஒருத்திதான்" என்றேன். கைகழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூலையைக் காட்டினார். முன்னே என்றால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். "அந்த ஜன்னல் பக்கம் வேணும்" என்றேன். "அது நாலு பேர் மேசைம்மா." "பரவாயில்ல, எனக்கு அதுதான் வேணும்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தோளில் கிடந்த துணியால் மேசையைத் துடைத்துவிட்டு, மற்ற மூன்று நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டு போனார். நான் நிதானமாகச் சாப்பிட்டேன். வெளியே நல்ல வெயில்.

சின்னு